அரிசிக் கப்பலும் மூடுபல்லக்கும்

அன்புள்ள அக்கா,

உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலைப் பற்றிப் பேசும்போது, பதவிக்கு அலைகிறவர்கள் சோழ அரசின் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் பழுவேட்டரையர்கள், பதவி வேண்டாம் என்கிறவர் இளவரசர் அருள்மொழி, அதனால் அவர்தான் பொறுப்புள்ள தலைவர் என்று சொன்னேன். ஒரு மாணவி எழும்பி, "சனம் முழுக்க அவரைத்தானே கேட்டது, முடியை உத்தம சோழருக்குக் குடுத்தது பொறுப்பைத் தட்டிக் கழிச்ச மாதிரித்தானே சேர்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், தெகிவளை

அன்புள்ள தம்பி,

அந்தப் பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள், அருமையான கேள்வி. முடியை மாற்றிச் சூட்டும் அந்தக் கட்டத்தைக் கல்கி கதையின் உச்சியாகத்தான் வைத்திருக்கிறார், ஐந்தாம் பாகத்துக்கே 'தியாக சிகரம்' என்றுதான் பெயர். ஆனால் எனக்கு அருள்மொழியைப் பிடித்துப்போனது அதற்கு வெகு முன்னாலேயே, அரிசி விஷயத்தில்.

ஞாபகம் இருக்குமே. ஈழத்தில் போர், படைக்குச் சாப்பாடு வேண்டும். படையெடுத்துப் போன நாட்டிலேயே எடுத்துச் சாப்பிடுவதுதானே வழக்கம், இங்கிருந்து எதற்கு அனுப்பவேண்டும் என்பது பழுவேட்டரையர்கள் பக்கத்து வாதம். அருள்மொழி மறுக்கிறார். சண்டை அரசர்களோடு, ஊர்ச் சனத்தின் வயிற்றில் அடிக்கக்கூடாது, அரிசி சோழ நாட்டிலிருந்து கப்பலில் வரட்டும் என்று நிற்கிறார். தஞ்சாவூரில் தனாதிகாரியாக இருந்த பெரிய பழுவேட்டரையருக்கு அது பிடிக்கவில்லை.

2022இல் வெள்ளவத்தையில் காஸ் கியூவில் நின்ற நாட்களில் இந்த இடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. முதல் நாள் இரவே வெற்றுச் சிலிண்டர்களைக் கொண்டுவந்து ஒன்றோடொன்று சங்கிலியால் கோத்துப் பூட்டிவிட்டுப் போவோம். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, பேரப்பிள்ளைக்குப் பால் காய்ச்ச மூன்றாம் மாடி பல்கனியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியதையும் புகையில் பிள்ளை இருமியதையும் சொல்லிக்கொண்டே வந்தார். மேலே இருந்து எடுக்கிற முடிவு யாருடைய அடுப்பில் போய் முடியும் என்று முதலே யோசிக்கிற ஆள்தான் எனக்குத் தலைவர், முடியை எடுக்கிறாரா விடுகிறாரா என்பதெல்லாம் அப்புறம்தான்.

இப்படிப் பார்த்தால் மற்றவர்களும் வேறு மாதிரித் தெரிவார்கள். பழுவேட்டரையர்கள் அரசராக்க நினைத்த மதுராந்தகர், சிற்றரசர்கள் கூடும் கடம்பூருக்கு, பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியின் மூடுபல்லக்கில் ஒளிந்து வருகிறார். நாட்டை ஆள நினைக்கிறவர் அந்த நாட்டுத் தெருவில் இறங்கி ஒருவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பெரிய பழுவேட்டரையரை மட்டும் தயவுசெய்து வில்லன் என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். உடம்பில் 64 விழுப்புண் சுமந்த கிழவர் அவர், தன் தலைக்கு முடி கேட்கவில்லை, அது யார் தலைக்குப் போவது என்று தீர்மானிக்கும் கை தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைத்தார். அந்த ஆசை அவருக்குக் கடமை போலவே தெரிந்ததுதான் கொடுமை. கடைசியில் உண்மை விளங்கித் தாங்கமுடியாமல் உயிரை விடுகிறார், அந்தப் பக்கங்களை இப்போதும் கண் கலங்காமல் என்னால் வாசிக்க முடியாது.

சரி, அருள்மொழி தட்டிக் கழித்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டு, அருள்மொழிக்காகக் கொடும்பாளூர்ப் படை தஞ்சைக் கோட்டையைச் சூழ்ந்து நின்ற நாட்கள் அவை. தன் பெயரைச் சொல்லிக்கொண்டு இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டால் சாகப்போவது யார் என்று அவர் பார்த்தார். அரிசிக்குப் போட்ட அதே கணக்குத்தான். முடியைக் கொடுத்துவிட்டு அவர் காட்டுக்கும் போய்விடவில்லை.

ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு இதோடு நிறுத்த என் மனம் விடவில்லை. பொன்னியின் செல்வன் படம் வந்தபோது என்னோடு வேலை செய்த சிங்களத் தோழி, "எங்கட சரித்திரப் புத்தகத்தில வாற ராஜராஜனா இவர்?" என்று கேட்டாள். ஓம், அருள்மொழிதான் பிறகு ராஜராஜன் ஆனார் என்றேன், அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. கதையில் பிக்குகள் நள்ளிரவில் இலங்கைச் சிங்காதனத்தையே கொடுக்க வந்து அருள்மொழி மறுக்கிறாரே, அந்த அநுராதபுரம்தான் உண்மையில் சோழர் படையால் அழிந்தது. 985இல் முடிசூடிய ராஜராஜன் காலத்திலும் மகன் ராஜேந்திரன் காலத்திலும் படைகள் வந்தன, ஆட்சி பொலன்னறுவைக்குப் போனது, விகாரைகளை உடைத்துச் செல்வத்தை அள்ளிப் போனார்கள் என்கிறது இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம். கல்கியின் அருள்மொழியை நான் நேசிக்கிறேன், அதனாலேயே அவர் கற்றுத் தந்த அந்தக் கணக்கை ராஜராஜனுக்கும் போட்டுப் பார்க்கிறேன்.

அடுத்த பாடத்துக்கு அரிசி வரும் பக்கங்களையும் சூளவம்சத்தின் அந்தப் பகுதியையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே வாசிக்கக் கொடுங்கள். உங்கள் மாணவி என்ன சொன்னாள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா