அலெக்சாந்திரியாவில் ஒரு முழு நாள்

அண்ணாவுக்கு வணக்கம்.

சொந்த ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இப்போது ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். டிசம்பரில் ஐந்து நாள் லீவு சேர்ந்தாற்போல வருகிறது. இந்தத் தடவை ஊருக்கு வராமல் தனியாக எகிப்து போகலாம் என்று ஆசை. முக்கியமாக அலெக்சாந்திரியாவின் புதிய நூலகம். நீங்கள் அங்கே போய்வந்ததைப் பற்றி எப்போதோ இரண்டு வரி எழுதியிருந்தீர்கள், அது மனதில் ஒட்டிக்கொண்டது.

விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். டிராவல்ஸில், “கெய்ரோவிலிருந்து ஒருநாள் டூரில் அதுவும் வரும், முக்கால் மணி நேரம் நிறுத்துவோம், அது போதும்” என்கிறார்கள். ரூமில் கூட இருப்பவர்கள், “எரிந்துபோன லைப்ரரியில் போய் என்னத்தைப் பார்க்கப் போகிறாய்?” என்று சிரிக்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அரபி பேசிச் சமாளிப்பேன், வாசிக்க வராது. வாசிக்கத் தெரியாத புத்தகங்களுக்கு நடுவே போய் நின்று என்ன செய்வது? நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? டூரோடு போவதே நல்லதா?

பெயர் போட வேண்டாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறை வாசகர்


அன்புள்ள தம்பி,

டூரோடு போகாதீர்கள். பிரமிடுக்கு டூர் ஒத்துவரும். கோட்டைக்கு, மசூதிக்கு, கடைத்தெருவுக்கு ஒத்துவரும். நூலகத்துக்கு ஒத்துவராது. அது உட்காருவதற்காகக் கட்டிய இடம். முக்கால் மணி நேரத்தில் டிக்கெட் எடுத்து, பையை ஒப்படைத்து, வழிகாட்டியின் பின்னால் ஓடி, மாடத்தில் நின்று போட்டோ எடுத்து முடிப்பதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிடும். தனியாகப் போகிறவருக்குத்தான் அங்கே நாற்காலி கிடைக்கும்.

எரிந்துபோன கதையை முதலில் முடித்துவிடுவோம். எகிப்தை ஆண்ட டாலமி அரசர்கள் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வளர்த்த பழைய நூலகத்தின் ஒரு செங்கல்கூட இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் உள்ள சுவடிகளைப் பிடுங்கி, நகல் எடுத்து, மூலத்தைத் தாங்கள் வைத்துக்கொண்டு நகலைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று காலன் என்ற பழைய மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். அப்படிச் சேர்த்தது ஒரே ராத்திரியில் எரிந்தது என்றுதான் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். கி.மு. 48-ல் சீசர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வைத்த தீ பரவியது உண்மைதான். ஆனால் அதற்கு நூறு வருடம் முன்பே எட்டாம் டாலமி என்ற அரசர் அறிஞர்களை ஊரைவிட்டு விரட்டிவிட்டார். அப்புறம் பணமும் அக்கறையும் குறைந்துகொண்டே போயின. கிளை நூலகம் இருந்த செரபிஸ் கோயில் கி.பி. 391-ஐ ஒட்டி இடிக்கப்பட்டது. ஆகவே உங்கள் ரூம் நண்பர்கள் சிரிப்பதில் பாதி நியாயம் உண்டு. பழையதைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

நீங்கள் பார்க்கப் போவது வேறு ஒன்று. அலெக்சாந்திரியா பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் எழுபதுகளில் கிளப்பிய யோசனை. யுனெஸ்கோ சேர்ந்துகொண்டது. 1989-ல் நடந்த வடிவமைப்புப் போட்டிக்கு ஐந்நூறுக்கு மேல் வரைபடங்கள் வந்தன. வென்றது அன்று யாருக்கும் தெரியாத ஸ்னோஹெட்டா என்ற நார்வே இளைஞர் குழு. 2002 அக்டோபர் 16 அன்று முறைப்படி திறந்தார்கள். பழைய அரண்மனைப் பகுதி இருந்த அதே கடற்கரையில், பல்கலைக்கழகத்துக்கு எதிரே.

கட்டடம் 160 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தட்டு. கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, ஒரு ஓரம் தரைக்குக் கீழே போய்விடுகிறது. பின்புறம் அஸ்வான் கிரானைட் சுவர். அதில் உலகத்தின் நூற்றிருபது எழுத்துமுறைகளிலிருந்து எடுத்த எழுத்துகளைக் கையால் செதுக்கியிருக்கிறார்கள். வாக்கியம் எதுவும் கிடையாது, உதிரி எழுத்துகள் மட்டும். அங்கே போகிற தமிழர் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நம் எழுத்தைத் தேடுவார்கள். நீங்களும் தேடுவீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உள்ளே போங்கள்.

வாசிப்புக் கூடம்தான் விஷயம். இரண்டாயிரம் பேர் உட்காரலாம். நெல்லியாம்பதிச் சரிவில் தேயிலைப் பாத்தி இறங்குவதுபோல தளம் தளமாகக் கீழே இறங்குகிறது, நடுவே சுவரே இல்லை. இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. புத்தக அலமாரிகள் எல்லாம் மேல்தளத்தின் அடியில், நிழலில் இருக்கின்றன. மேசைகள் தளத்தின் விளிம்பில், வெளிச்சத்தில். கூரையில் உள்ள கண்ணாடிகள் வடக்குப் பார்த்து வெட்டப்பட்டவை. வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். நீங்கள் எழுந்து போய் நிழலில் புத்தகத்தை எடுத்து, திரும்ப வெளிச்சத்துக்கு வந்து உட்கார வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடி நடைதான். ஒரு மணி நேரம் இப்படிப் போய்வந்தால் கட்டடத்தை வரைந்தவர் என்ன நினைத்தார் என்பது யாரும் சொல்லாமலே பிடிபடும். பஸ்ஸில் வந்தவர்களுக்கு இது பிடிபடாது.

வாசிக்க வராதே என்கிறீர்கள். ஆங்கிலம் வருமல்லவா? ஆங்கிலப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நூலகம் 2010-ல் ஐந்து லட்சம் புத்தகங்களைக் கொடுத்தது. ஓவியப் புத்தகங்களுக்கும் நிலப்படங்களுக்கும் மொழி வேண்டாம். பழைய அலெக்சாந்திரியாவின் வரைபடங்களும் புகைப்படங்களும் தனிக் கண்காட்சியாகவே உள்ளன. ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில் புத்தகம் அல்ல, ஆட்கள்.

நீங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர். வாயனசாலை, அதாவது ஊர் நூலகம், என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் பக்கம் சாயங்காலம் வாயனசாலைக்குப் போனால் பத்திரிகை மேசையைச் சுற்றி நாலு பெரியவர், மூலையில் கேரம் போர்டு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு வினாத்தாளோடு ஒரு கூட்டம், தமிழ் அலமாரியின் சாவி யாரிடம் என்று தெரியாமல் தேடும் ஒருவர். இதெல்லாம் அரசாங்கம் மேலிருந்து இறக்கியது அல்ல. 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டிவைத்து பி.என். பணிக்கர் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கியபோது, அந்த நூலகங்கள் ஊர்க்காரர்கள் கைக்காசு போட்டு நடத்தியவை. அதனால்தான் கேரளத்தில் கட்டடம் ஒழுகினாலும் வாயனசாலையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அலெக்சாந்திரியா இதற்கு நேர் எதிர். முழுக்க முழுக்க மேலிருந்து வந்தது. அப்போதைய அதிபர் முபாரக்கின் மனைவிதான் அறங்காவலர் குழுவின் தலைவராக இருந்தார். செலவு இருபது கோடி டாலரைத் தாண்டியது. எண்பது லட்சம் புத்தகங்களுக்கு இடம் விட்டுக் கட்டினார்கள், திறந்தபோது அலமாரிகள் பெரும்பாலும் காலி. பள்ளிக்கூடங்களுக்கே பணம் இல்லாத நாட்டில் இது தேவையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் அந்தக் கட்டடத்தின் மேல் பெரிய மதிப்பு இல்லை.

பிறகு 2011 ஜனவரியில் முபாரக்குக்கு எதிரான மக்கள் எழுச்சி வந்தது. கெய்ரோவில் ஆளுங்கட்சித் தலைமையகம் பற்றி எரிந்தது. முபாரக் குடும்பத்தின் பெயரோடு ஒட்டிய ஒரு கண்ணாடிக் கட்டடம் கடற்கரையில் திறந்தவெளியில் நிற்கிறது, போலீஸும் இல்லை. ஒரு கல் போதும். ஆனால் மாணவர்களும் இளைஞர்களும் கைகோத்து நூலகத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பெரிய தேசியக் கொடியைக் கொண்டுவந்து படிகளில் விரித்தார்கள். எதுவும் நேரவில்லை. ஒன்பது வருடம் அங்கே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவர்கள் அதை அரண்மனைச் சொத்தாக நினைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், மதியத்துக்கு மேல் கூடத்தில் உட்காருங்கள். மருத்துவப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஹெட்போனோடு தலையாட்டும் பெண்ணையும், மேசையில் சாய்ந்து தூங்கும் பையனையும் பாருங்கள். நம் பி.எஸ்.சி. கூட்டம்தான், பாஷை மட்டும் வேறு. குழந்தைகளுக்கு ஒரு நூலகம், பார்வையற்றவர்களுக்கு தாஹா ஹுசைன் பெயரில் ஒரு நூலகம் தனியாக உண்டு. தாஹா ஹுசைன் சிறுவயதிலேயே பார்வை இழந்த எகிப்திய எழுத்தாளர், அலெக்சாந்திரியா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவர்தான்.

வளாகத்துக்குள் மியூசியங்கள் பல. எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க முயல வேண்டாம். தொல்பொருள் மியூசியம் கட்டாயம். அதில் ஒரு நாய் இருக்கிறது. நூலகத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த மொசைக், கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. கழுத்தில் சிவப்புப் பட்டை, பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் வெண்கலக் குடுவை. குடுவையை உருட்டிவிட்டு, யாரோ அதட்டியதும் திருதிருவென்று விழிக்கிறது. கல் துணுக்குகளில் அந்த முழியைக் கொண்டுவந்தவன் மகா கலைஞன். முன்னாள் அதிபர் சதாத்தின் மியூசியத்தில் அவர் சுடப்பட்டபோது அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த சீருடையை வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, உங்கள் விருப்பம். கோளரங்கம் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு.

நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். மிளகு. முசிறியில் ஏற்றிய சரக்கு, செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி கோப்டோஸ் போய், அங்கிருந்து நைல் படகில் அலெக்சாந்திரியா சேர வேண்டும் என்று எழுதிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கடன் பத்திரம் ஒன்று பாப்பிரஸ் என்ற பழைய நாணல் தாளில் கிடைத்திருக்கிறது. கப்பலின் பெயர் ஹெர்மாப்போலோன். கங்கைப் பக்கத்துச் சடாமாஞ்சி என்ற நறுமண வேர், தந்தம் எல்லாம் கணக்கில் உண்டு. சரக்கில் நாலில் ஒரு பங்கு சுங்கம். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், ரசிப்பீர்கள். ஆனால் அதைத் தேடி அலெக்சாந்திரியாவில் அலையாதீர்கள், வியன்னாவில் இருக்கிறது. கொங்கு நாட்டில் அங்கங்கே புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளும் நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தவையாக இருக்கலாம் என்கிறார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். கெய்ரோ ராம்சஸ் ஸ்டேஷனிலிருந்து ரயில், இரண்டரை மூன்று மணி நேரம். சிதி காபர் முதலில் வரும், மிஸ்ர் ஸ்டேஷன் கடைசி. ரம்ல் பகுதியில் அறை எடுத்தால் நூலகத்துக்குக் கடலோரமாக நடந்தே போய்விடலாம். நடக்க முடியாவிட்டால் மஷ்ரூ என்று அவர்கள் சொல்லும் மினிவேன் உண்டு, உங்கள் ஷார்ஜா அரபி போதும். கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடப்பதுதான் பயணத்தின் ஒரே ஆபத்தான பகுதி. உள்ளூர்க்காரர் யாராவது இறங்கினால் அவர் நிழலில் இறங்குங்கள்.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். நூலகத்தின் நேரம் அதற்கேற்ப மாறும், முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பையை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு நோட்டும் பேனாவும் கையில் இருந்தால் போதும். மியூசியங்களுக்குத் தனி டிக்கெட். உள்ளே ஆங்கிலத்தில் வழிகாட்டிச் சுற்று உண்டு, காலையில் முதலில் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். எது எங்கே என்று தெரிந்துவிடும், அப்புறம் உங்கள் இஷ்டம். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சைவம் என்றால் சோறும் பருப்பும் கலந்த குஷரி, ஃபூல் என்ற பயற்றுக் கூட்டு, தஅமிய்யா என்ற பயறு வடை மூன்றையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு ஐந்து நாளை ஓட்டலாம்.

மறுநாள் காலை ஊரைவிட்டுக் கிளம்புமுன் கோம் எல்-திக்கா போங்கள், மிஸ்ர் ஸ்டேஷனுக்குப் பக்கம். ரோமானிய அரங்கத்தின் அருகே ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டின் வகுப்பறைகள் வரிசையாக, இருபதுக்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ. மூன்று பக்கமும் கல் பெஞ்சு, நடுவே ஆசிரியருக்கு உயரமான இருக்கை. பழைய அலெக்சாந்திரியாவில் படிப்பு நடந்த இடம் என்று கைகாட்ட மிஞ்சியிருப்பது அதுதான்.

மீதி நாட்களைக் கெய்ரோவுக்கு வையுங்கள், பிரமிடு ஒரு நாள், பெரிய மியூசியம் ஒரு நாள். டிசம்பரில் அலெக்சாந்திரியாவில் கடல் சீறும், மழையும் காற்றும் திடீரென்று வரும். ஷார்ஜா சட்டையோடு போய் நிற்காதீர்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். எகிப்தில் எடுத்த போட்டோவை வாட்ஸப்பில் பார்த்து அம்மா தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

அன்புடன்,
அண்ணா