அலாரம் பேட்டரி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் வாடகை வீடு, வீட்டோடு வந்த அலாரம், நான்கு கேமரா, மின்வேலி. கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க எத்தனை ஆம்பியர் அவர் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்குப் புதிதாக வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடைக்குப் போனால் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் என்று எழுதிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒயரிங் பற்றி நான் சொல்வதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்தலாம். கணக்கில் பிழை இருக்காது.

எங்கள் வீடு இதே ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியாவில். 2023 குளிர்காலத்தில் இங்கே இருந்தவர்களுக்கு ஸ்டேஜ் 6 என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. புதியவர்களுக்கு: முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங்கில் அது கடுமையான கட்டம். எங்கள் பக்கம் ஒரு தடவை போனால் நாலரை மணி நேரம். சில நாள் இரண்டு தடவை, நடுவில் ஏழெட்டு மணி நேரம்தான் இடைவெளி. ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றக் கோயிலுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு, அண்டா குண்டானெல்லாம் கழுவிக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. தெருவே இருட்டு. எங்கள் கேட் மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் கீபேடைத்தான் பார்த்தேன். கரண்ட் போனாலும் அதில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். எரியவில்லை. லேப்டாப் இரண்டு, டிவி, என் மாமியார் சீதனமாகக் கொடுத்த வெள்ளிக் காமாட்சி விளக்கு, எல்லாம் போயிருந்தது. எங்கள் ஏரியாவில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்ற அட்டவணை எல்லார் போனிலும் இருந்தது. திருடன் போனிலும் இருந்திருக்கும்.

மறுநாள் அலமாரிக்குள் இருந்த அலாரம் பெட்டியைத் திறந்தேன். பேட்டரியின் இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. மீட்டர் வைத்தால் 9.8 வோல்ட். நிரம்பிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 காட்ட வேண்டும். மேலே என் கையெழுத்திலேயே தேதி இருந்தது: பிப்ரவரி. ஐந்தே மாதம்.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேனல் (அலாரத்தின் மூளையான பலகை), இரண்டு கீபேட், ஒன்பது சென்சார், ஆர்ம்டு ரெஸ்பான்ஸ்காரர்களின் (அலாரம் அடித்தால் ஆயுதத்தோடு வரும் தனியார் காவலர்களின்) ரேடியோ, எல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டில் 0.7 ஆம்பியர் இழுத்தது. ஏழை 0.7-ஆல் வகுத்தால் பத்து மணி நேரம். கடைக்காரர் சொன்னதும் இதுதான். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 7 என்பது, புது பேட்டரியை 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் கிடைக்கும் அளவு. வேகமாக இழுத்தால் குறையும், குளிரிலும் குறையும். தவிர, ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் அதன் ஆயுளே போய்விடும். ஆகவே நம்பிக் கணக்கில் எடுக்கக்கூடியது 3.5தான். நாலரை மணி நேரத்துக்கு 0.7 வீதம் 3.15 ஆகிவிடுகிறது.

சரி, அதுகூடப் போதும் என்று வையுங்கள். திரும்ப நிரம்ப வேண்டுமே? எங்கள் பேனல் பேட்டரிக்குக் கொடுப்பது 0.35 ஆம்பியர்தான். 3.15-ஐ 0.35-ஆல் வகுத்தால் ஒன்பது மணி நேரம். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் பத்து, பதினொன்று. எங்களுக்குக் கிடைத்ததோ ஏழெட்டு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கடன் மிச்சம் நிற்கிறது. அரைகுறையாக நிரம்பியே கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, கொள்ளளவு நாளுக்கு நாள் சுருங்கும். மூன்று வருஷம் வர வேண்டிய பேட்டரி ஐந்து மாதத்தில் செத்தது இப்படித்தான்.

"அப்போ பெரிய பேட்டரி போட்டால் தீர்ந்ததே" என்று யாராவது எழுதுவார்கள். அதே பேனலில் 18 ஆம்பியர் அவர் போட்டாலும், போன 3.15 திரும்ப அதே நேரம்தான் எடுக்கும், கடன் தீராது. நான் தனியாக 2 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் வைத்து, அதில் 18 ஆம்பியர் அவர் பேட்டரி போட்டேன். போன 3.15 இரண்டு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய திரும்பிவிடுகிறது. சைரன் அலறும்போது இன்னும் ஒரு ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜ் சரிந்தால் பேனல் அணைந்து அணைந்து எரியும். கையிருப்பு வேண்டியது அதற்காகத்தான்.

கேமராவை அலாரம் பேட்டரியோடு கலக்கவே கலக்காதீர்கள். ரெக்கார்டர், நான்கு கேமரா, ரூட்டர், ஃபைபர் பெட்டி எல்லாம் சேர்ந்து இரவில் சுமார் 60 வாட் வரும். இருட்டில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரிவதால் பகலைவிடக் கூடும், ஆகவே இரவில் அளந்து பாருங்கள். நான் இதற்கு இன்வெர்ட்டரும் 12.8 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரியும் வைத்தேன். 1,280 வாட் அவர். அதில் 80 சதவீதம் எடுத்து, இன்வெர்ட்டர் தின்னும் 15 சதவீதத்தைக் கழித்தால் சுமார் 870. அறுபதால் வகுத்தால் பதினான்கு மணி நேரம். லித்தியம் என்பதில் இரும்பு பாஸ்பேட் வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். மின்வேலிக்கும் கேட் மோட்டாருக்கும் தனித்தனி பேட்டரி இருக்கும், அவற்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

லோட் ஷெட்டிங்தான் முடிந்துவிட்டதே, எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: 2024 மார்ச் கடைசியில் நின்றது, பத்து மாதம் கழித்து 2025 ஜனவரி 31 அன்று திரும்ப வந்தது. அது வராவிட்டாலும் கேபிள் திருட்டு இருக்கிறது. அதற்கு அட்டவணை கிடையாது, இரண்டு நாள்கூட ஆகலாம். நீண்ட நேரம் கரண்ட் இல்லையென்றால் செல்போன் டவரும் படுத்துவிடும். போனுக்கு மெசேஜ் வரும் என்று மட்டும் நம்பியிருக்காதீர்கள், ரேடியோ இணைப்பு அவசியம்.

இவ்வளவையும் முதலில் செய்து கொடுத்தது எங்கள் வீட்டுக்கு இல்லை, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு. தனியாக இருக்கிறார், எண்பது வயது தாண்டியவர். கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் ஆயாவோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "இவங்களுக்குத் தமிழே தெரியலையே" என்று அவர் முன்னாலேயே சொல்கிறார்கள். 1860 முதல் கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். நிறவெறி ஆட்சியில் ஆயாவின் குடும்பத்தை நகரத்து வீட்டிலிருந்து கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இந்த லெனேசியாவுக்குத் துரத்தியிருக்கிறார்கள். அவர் பள்ளியில் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்து மாரியம்மன் தாலாட்டை ஒரு வரி விடாமல் பாடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை ஆர்ம்டு ரெஸ்பான்ஸ்காரர்களின் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து சோதனை என்று சொல்லிவிட்டு, டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில்) மெயினை அணையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலரை மணி நேரம் கழித்தும் 12-க்கு மேல் நின்றால், சைரனை ஒரு நிமிடம் அலறவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் கரண்டைப் போட்டு, திரும்ப நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதுங்கள். வாடகை வீடு என்பதால் பெட்டியைத் திறக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இப்போது உள்ளே இருக்கும் பேட்டரியில் என்ன தேதி போட்டிருக்கிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.