ஒரு குட்டித் தீவு நாட்டில் ஒரு வருடக் கால்பந்து எப்படி நடக்கும்? தேசிய அணி, உள்ளூர் கிளப் இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடியுமா?

குட்டித் தீவு என்றதும் பலர் ஐஸ்லாந்தைத்தான் சொல்வார்கள். 2016 யூரோ கோப்பையில் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நான் அதைவிடச் சின்ன இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்: பரோயே தீவுகள். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே அட்லாண்டிக்கில் 18 தீவுகள், மொத்தம் 54 ஆயிரம் பேர் அளவில் மக்கள் தொகை. அது டென்மார்க்குக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதியாயிற்றே, நாடு என்று எப்படிச் சொல்லலாம் என்று யாராவது கேட்பீர்கள். பிஃபா 1988லேயே சேர்த்துக்கொண்டது. கால்பந்துக்கு அது போதும்.

2022 செப்டம்பரில் இவர்கள் துருக்கியை 2-1 என்று தோற்கடித்தார்கள். நான் இவர்களைத் தொடர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அதனால் அடுத்த வருடம், 2023, எனக்கு முழுசாகத் தெரியும். உங்கள் கேள்விக்கும் அதைவிடப் பொருத்தமான வருடம் கிடைக்காது. கிளப்பும் தேசிய அணியும் நேர் எதிர்த் திசையில் போன வருடம் அது.

முதலில் உள்ளூர் லீக். பத்து அணிகள், ஒவ்வொன்றும் மற்றதோடு மூன்று முறை மோதும், ஆக 27 ஆட்டம். மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும், ஏனென்றால் குளிர்காலத்தில் அங்கே பகல் சில மணி நேரம்தான், காற்றும் மழையும் வேறு. மைதானங்கள் எல்லாம் செயற்கைப் புல். வீரர்களில் பலருக்குக் காலையில் வேறு வேலை, மாலையில்தான் பயிற்சி. தலைநகர் டோர்ஷவ்னில் ஹெச்.பி., பி36 என்று இரண்டு பழைய கிளப்புகள். வடக்கே போர்டோய் தீவில் கிளாக்ஸ்விக் என்ற மீன்பிடி ஊர், ஏறக்குறைய ஐந்தாயிரம் பேர். அந்த ஊரின் கிளப்தான் கே.ஐ., 1904ல் தொடங்கியது. 1999க்குப் பிறகு இருபது வருடம் பட்டமே இல்லாமல் கிடந்து, 2019ல் மீண்டும் ஜெயித்தார்கள். 2021, 2022 பட்டங்களும் அவர்களுக்கே. அதனால் 2023 கோடையில் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றில் ஆடும் வாய்ப்பு கிடைத்தது.

முதல் எதிரி ஹங்கேரியின் ஃபெரன்ஸ்வாரோஸ். சொந்த ஊரில் 0-0. சரி, புடாபெஸ்டில் போய் கௌரவமாகத் தோற்றுவிட்டு வருவார்கள் என்று நினைத்தேன். 3-0 என்று ஜெயித்தார்கள்! ஆர்னி ஃப்ரெடெரிக்ஸ்பெர்க் இரண்டு கோல், ஐவரி கோஸ்ட்காரர் லூக் காசி ஒன்று. அந்தத் தோல்வியோடு ஃபெரன்ஸ்வாரோஸ் பயிற்சியாளர் செர்செசோவின் வேலையும் போனது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவைக் காலிறுதி வரை கொண்டுபோன அதே செர்செசோவ்தான்.

அடுத்தது ஸ்வீடன் சாம்பியன் ஹாக்கன். முதல் ஆட்டம் 0-0, இரண்டாவது 3-3, பெனால்டி ஷூட் அவுட்டில் கே.ஐ. ஜெயித்தது. பலருக்குப் புரியாத கணக்கு இங்கேதான் இருக்கிறது. அப்போதைய முறைப்படி, ஒரு நாட்டின் சாம்பியனாக நுழையும் கிளப் இந்த இரண்டாம் சுற்றைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு தொடர்ந்து தோற்றாலும் கீழே ஒரு தட்டு காத்திருக்கும். மூன்றாம் சுற்றில் தோற்றால் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் பிளே-ஆஃப். அதிலும் தோற்றால் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குரூப். கே.ஐ.க்கு அப்படியேதான் நடந்தது. நார்வேயின் மோல்டெயை உள்ளூரில் 2-1 என்று ஜெயித்துவிட்டு, அங்கே போய் கூடுதல் நேரத்தில் 0-2 என்று விட்டார்கள், இரண்டு ஆட்டமும் சேர்த்து 2-3. (கே.ஐ.யின் பயிற்சியாளர் மாக்னே ஹோசெத் நார்வேக்காரர், மோல்டெயின் முன்னாள் வீரர். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.) பிறகு மால்டோவாவின் ஷெரிஃபிடம் 1-1, 1-2. வரிசையாக இரண்டு முறை வெளியேற்றப்பட்டும், ஐரோப்பியக் குரூப் கட்டத்தில் ஆடும் முதல் பரோயே கிளப் ஆகிவிட்டார்கள்!

இதை அதிர்ஷ்டம் என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹங்கேரி சாம்பியனையும் ஸ்வீடன் சாம்பியனையும் தாண்டித்தான் அந்த இடத்துக்கு வந்தார்கள். அந்தக் கட்டத்தில் ஆடுவதற்கு மட்டும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா கொடுத்த தொகை 29.4 லட்சம் யூரோ. ஐந்தாயிரம் பேர் உள்ள ஊரின் கிளப்புக்கு அது எப்பேர்ப்பட்ட பணம் என்று யோசித்துப் பாருங்கள். இனி மற்ற ஒன்பது கிளப்புகள் இவர்களோடு எப்படிப் போட்டி போடும் என்ற கவலை எனக்கு வந்தது உண்மை. 2023 பட்டத்தையும் கே.ஐ.யே எடுத்தது. ஆனால் 2024ல் விகிங்குர் என்ற இன்னொரு உள்ளூர் கிளப் வந்து தட்டிப் பறித்துவிட்டது.

குரூப் ஆட்டங்களுக்குக் கிளாக்ஸ்விக்கின் சின்ன மைதானம் போதாது. அதனால் டோர்ஷவ்னில் உள்ள தேசிய மைதானம் டோர்ஸ்வொல்லூரில் ஆடினார்கள். ஊர்க்காரர்கள் அங்கே போக வேண்டுமென்றால் கடலுக்கு அடியில் இரண்டு சுரங்கப்பாதைகளைக் கடக்க வேண்டும். ஒன்று 2006ல் திறந்தது. இன்னொன்று 2020 டிசம்பரில் திறந்தது, 11 கிலோமீட்டர் நீளம், உள்ளே கடலடியிலேயே ஒரு ரவுண்டானா! ஐஸ்லாந்தைப் பற்றி மேலே பெருமையாக எழுதினேன் அல்லவா, அவர்களிடம் இது இல்லை.

இப்போது 2023 அக்டோபர் மாதத்துக்கு வருகிறேன். 5ஆம் தேதி டோர்ஸ்வொல்லூரில் கே.ஐ. எதிர் பிரான்சின் லீல். 0-0. ஒரே வாரம் கழித்து, 12ஆம் தேதி, அதே மைதானத்தில் யூரோ தகுதிச்சுற்றில் தேசிய அணி எதிர் போலந்து. 0-2. பிறகு 26ஆம் தேதி கே.ஐ. ஸ்லோவேனியாவின் ஒலிம்பியாவை 3-0 என்று வீழ்த்தியது. இது ஐரோப்பியக் குரூப் கட்டத்தில் ஒரு பரோயே கிளப்பின் முதல் வெற்றி. அந்த வருட யூரோ தகுதிச்சுற்றில் தேசிய அணியின் கணக்கு: எட்டு ஆட்டம், இரண்டு டிரா, ஆறு தோல்வி, அடித்தது இரண்டே கோல். டிராக்களில் ஒன்று மால்டோவாவில் 1-1, இன்னொன்று அல்பேனியாவில் கடைசி ஆட்டம், 0-0. உள்ளூரில் மால்டோவாவிடமே 0-1 என்று தோற்றதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஒரே நாடு, ஒரே மைதானம், ஏன் இவ்வளவு வித்தியாசம்? கிளப் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், வருடம் முழுக்க ஒன்றாகப் பயிற்சி செய்யலாம். தேசிய அணி அந்த 54 ஆயிரம் பேருக்குள்தான் தேட வேண்டும். பல வீரர்கள் வெளிநாட்டுக் கிளப்புகளில் சிதறிக் கிடப்பார்கள், சில நாட்கள் கூடிப் பயிற்சி செய்துவிட்டு போலந்தின் நட்சத்திரம் லெவண்டோவ்ஸ்கியைத் தடுக்க வேண்டும். கிளப்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. சாம்பியன்களுக்கான பாதையில் நுழைவதால், இங்கிலாந்து, ஸ்பெயின் போன்ற பெரிய லீக்குகளின் பணக்கார அணிகள் தகுதிச்சுற்றில் குறுக்கே வராது. தேசிய அணிக்குக் குலுக்கலில் யார் வந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும்.

குரூப்பில் கே.ஐ. நான்கு புள்ளிகளோடு கடைசி இடம்தான் பிடித்தது. மீதி நான்கு ஆட்டமும் தோல்வி, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பரோயே என்றாலே எல்லோரும் 1990ஐ எடுப்பார்கள். ஊரில் புல் மைதானம் இல்லாததால் ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரோனாவில் ஆடி, முதல் தகுதிச்சுற்று ஆட்டத்திலேயே ஆஸ்திரியாவை 1-0 என்று தோற்கடித்தது, குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லாவோடு நின்ற கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் க்னுட்சன், எல்லாம் அழகுதான். ஆனால் அது ஒரு நாள் கூத்து. 2023ல் ஒரு கிளப் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை, அதில் அக்டோபர் வரை உள்ளூர் லீக்கும் ஆடிக்கொண்டு, லீலையும் மோல்டெயையும் சமமாக நின்று எதிர்த்தது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம்.

அதன் பலன் தேசிய அணிக்கும் வந்தது என்பது என் கணிப்பு. 2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், உள்ளூர்ப் பயிற்சியாளர் எய்துன் கிளாக்ஸ்டைன் தலைமையில், 2025 அக்டோபரில் மொண்டெனெக்ரோவை 4-0, மூன்று நாள் கழித்து செக் குடியரசை 2-1. நவம்பரில் குரோஷியாவில் முதல் கோலையும் இவர்கள்தான் அடித்தார்கள். முடிவு 1-3, கனவு அங்கே முடிந்தது. ஆனாலும் மொத்தம் 12 புள்ளிகள். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டே புள்ளி எடுத்த அணி!

நீங்களும் தொடர விரும்பினால் மார்ச் லீக்கில் ஆரம்பிக்க வேண்டாம், அலுத்துவிடும். ஜூலையில் ஐரோப்பியத் தகுதிச்சுற்றோடு ஆரம்பியுங்கள். அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் தேசிய அணி ஆட்டங்கள் வரும். பெரும்பாலும் நமக்கு நள்ளிரவை ஒட்டித்தான் தொடங்கும், மறுநாள் அலுவலகம் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.