“படம் தெளிவில்லை” என்றால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. எட்டு நாட்களுக்கு முன் திடீரென்று தலைசுற்றல், வாந்தி. நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில், “அசைவினால் டிஃப்யூஷன் படங்கள் தெளிவாக இல்லை, சிறுமூளை, மூளைத்தண்டு பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி எடுக்கவும்” என்று இருக்கிறது. 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) மெஷினில் எடுக்கச் சொல்கிறார்கள். இப்போது தலைசுற்றல் குறைந்துவிட்டது. திரும்ப எடுக்கத்தான் வேண்டுமா, இல்லை இது பணம் பிடுங்கும் வேலையா? கதிர்வீச்சு பாதிக்காதா?

பதில்: எடுத்துவிடுங்கள், அதுவும் இந்த வாரத்துக்குள். கடிதம் வந்த அன்றே இதை உங்களுக்குத் தெரிவித்துவிட்டேன். காரணத்தை மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது, அதனால் கதிர்வீச்சுப் பயம் வேண்டாம். டிஃப்யூஷன் என்பது எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் ஒரு வகைப் படம்; அதற்கு மருந்து ஊசியும் தேவையில்லை.

அவசரம் ஏனென்றால், இப்படித் திடீரென வந்த தலைசுற்றலுக்குப் பக்கவாதம், அதாவது மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் கிடைக்காமல் போனது, காரணமாக இருக்கலாம். அது வந்த இடம் டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று தெரிவது ஏறக்குறைய இரண்டு வாரம்தான். அதற்குப் பிறகு மங்கிவிடும். மற்ற படங்களில் தழும்பு தெரிந்தாலும், அது போன வாரம் வந்ததா, போன வருடம் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சரி, படம் ஏன் கெட்டது? யாரோ கவனக்குறைவாக எடுத்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மூளைத் திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்பதைப் பார்க்கும் படம் இது. அந்த நகர்வு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ரத்தம் கிடைக்காத செல்கள் வீங்கும்போது நீரின் நடமாட்டம் குறைகிறது, அந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது. இவ்வளவு நுண்ணிய நகர்வைத் தேடும்போது தலையே ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள். அதனால்தான் ஒவ்வொரு படத்தையும் ஒரு நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அள்ளிக்கொள்கிறார்கள்.

அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. காற்றும் எலும்பும் திசுவும் ஒட்டியிருக்கும் இடத்தில் காந்தப்புலம் சீராக இருக்காது, படம் அங்கே இழுபட்டு வளையும். காதுக்கு உட்புற எலும்பில் காற்றறைகள் உண்டு. அதன் பக்கத்தில்தான் சிறுமூளையும் மூளைத்தண்டும் இருக்கின்றன. உங்கள் அப்பாவின் தலைசுற்றலுக்குக் காரணம் இருக்கக்கூடிய இடமும் படம் அதிகம் கெடும் இடமும் ஒன்றாகப் போய்விட்டன. அங்கே போலி வெளுப்பு விழுந்து பக்கவாதம் போலக் காட்டுவதும் உண்டு, உண்மையான சிறு பாதிப்பு மறைந்துபோவதும் உண்டு. “உறுதியாகச் சொல்ல முடியவில்லை” என்று எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்.

மெஷின் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. 3 டெஸ்லாவில் சிக்னல் கூடுதல்தான், ஆனால் இந்த வளைவும் கூடும். எடுக்கும் முறையை மாற்றாமல் மெஷினை மட்டும் மாற்றினால் பெரிய லாபமில்லை. நல்ல 1.5 டெஸ்லாவே போதும். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: “பின்மூளைக்கு (சிறுமூளை, மூளைத்தண்டுப் பகுதிக்கு) 3 மில்லிமீட்டர் மெல்லிய வெட்டுகளில், முன்னிருந்து பின்னாகவும் ஒரு டிஃப்யூஷன் எடுப்பீர்களா? வளைவைக் குறைக்கும் முறை இருக்கிறதா?” ஒரே தடவையில் அள்ளாமல் படத்தைப் பல துண்டாக எடுத்துச் சேர்க்கும் முறை உண்டு. எதிரெதிர்த் திசைகளில் இருமுறை எடுப்பதும் உண்டு: ஒன்றில் இடப்பக்கம் இழுபட்டது மற்றதில் வலப்பக்கம் இழுபடும், இரண்டையும் வைத்துக் கணினி நேராக்கிவிடும். படத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் தெரிந்தால் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்கலாம். ஆனால் இரண்டு மடங்கு தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அப்பா அசையாமல் படுத்திருக்க வேண்டுமே! மென்பொருளும் இரைச்சலைக் குறைக்கும். சிக்னலே வராமல் போன இடத்தை அதனால் மீட்க முடியாது.

அப்பா பக்கமிருந்தும் சில உதவிகள் தேவை. உலோகக் கம்பி வைத்த கழற்றும் பல்செட் இருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள். உள்ளே போகுமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். சளி, இருமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காதோரம் ஸ்பாஞ்சை இறுக்கமாக வைக்கும்போது “தளர்த்துங்கள்” என்று சொல்லாமல் இருந்தால் நல்லது. பயத்தில் மனசுக்குள் சாமி கும்பிடுகிறேன் என்று உதட்டை அசைக்கும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தாடை அசைந்தால் தலையும் அசையும். டிஃப்யூஷன் ஓடும் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் எச்சில் விழுங்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. டெக்னீஷியன் மைக்கில் “இப்போது அசையாதீர்கள்” என்று அந்த நேரத்தில் சொல்லிவிடுவார், கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம்: பின்மூளைப் பக்கவாதம் முதல் நாளில் எடுத்த நல்ல படத்திலும் சில சமயம் தெரியாது. அதனால் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். நடுவில் மறுபடி தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் ஏதாவது வந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம், பழைய படத்தின் சிடியையும் கையோடு கொண்டுபோங்கள். அன்று சந்தேகமாகத் தெரிந்த வெளுப்பு இன்றும் அதே இடத்தில் அதே வடிவில் இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.