கழலாத போல்ட்டும் விற்றவர் சொன்ன வார்த்தையும்

கேள்வி: வணக்கம் அண்ணா. கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே மூன்று குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு குளம் இருக்கிறது. ஆகாயத்தாமரை வாரத் துடுப்புப் போட்டே கை ஓய்ந்துவிட்டதால், பழைய சாமான் வாங்கி விற்கும் ஒரு கடையில் 32,000 ரூபாய்க்குப் படகின் பின்னால் மாட்டும் சின்ன அவுட்போர்டு மோட்டார் ஒன்று வாங்கினேன். 'ஏரித் தண்ணீரில் மட்டும் ஓடியது' என்று வாட்ஸ்அப்பில் எழுதிக்கொடுத்தார்கள், பில்லும் இருக்கிறது. இரண்டே நாளில் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பக்கவாட்டுத் துளையில் வருவது நின்றது. வாட்டர் பம்ப் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) மாற்றலாம் என்று கீழ்ப்பாகத்தைக் கழற்றினால், நான்கு போல்ட்டில் இரண்டுதான் வந்தது. ஒன்றின் தலை மழுங்க ஆரம்பித்துவிட்டது. இங்குள்ள மெக்கானிக் ஸ்பேனரில் பைப் மாட்டித் திருப்புகிறேன், முறிந்தால் நான் பொறுப்பில்லை என்கிறார். என்ன செய்வது? மோட்டாருக்கு இழுவையும் குறைவாகத்தான் இருக்கிறது.

பதில்: முதலில் அந்தப் பைப்பைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். ஸ்பேனரையும் எடுத்துவிட்டு, கழன்று வந்த இரண்டு போல்ட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். மரையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி அப்பியிருக்கிறதா? அது இரும்புத் துரு இல்லை, அலுமினியம் அரித்த பொடி. மோட்டாரின் கால் அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் பேட்டரி போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். அந்தப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்ளும். எண்ணெய் அதற்குள் லேசில் இறங்காது, அதனால்தான் வெறும் பலத்தால் திருப்பினால் போல்ட் முறிகிறது.

எதையும் துடைப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். அந்த இரண்டு போல்ட், மரைத் துளை, அப்புறம் புரொபெல்லருக்கு மேலே தகட்டின் அடியில், அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக வைத்திருக்கும் துத்தநாகக் கட்டி. அந்தக் கட்டி பாதிக்கு மேல் அரித்துப்போயிருந்தால் அதையும் கிட்டத்தில் எடுங்கள். ஏரியில் மட்டும் ஓடியதாகச் சொன்ன மோட்டாரில் உப்புத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று விற்றவரிடம் பேச இவை வேண்டும்.

இனி கழற்றும் வேலை. நான் ஒருமுறை இதே மாதிரி மோட்டாரில் அவசரப்பட்டு ஒரு போல்ட்டை முறித்திருக்கிறேன். முறிவதற்கு முந்தின நொடி கைக்கு நன்றாகவே தெரியும், அதுவரை கல்லாய் நின்றது திடீரென்று ரப்பர் மாதிரி இளகும். கழல்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன், தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிட்டது. உண்மையில் கழலும்போது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், பிறகுதான் நகரும். இளகுகிற உணர்வு வந்தால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள்.

துருநீக்கி ஸ்ப்ரேயை மாலையில் அடித்து இரவு ஊறவிடுங்கள், மறுநாள் காலையில் இன்னொரு தடவை அடியுங்கள். ஸ்ப்ரே பாதி வேலைதான் செய்யும், மீதியைச் சூடுதான் செய்ய வேண்டும். ஒரே சூட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட அலுமினியம் கூடுதலாக விரியும் என்பதால், சூடு காட்ட வேண்டியது போல்ட்டுக்கு இல்லை, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கு. ஹீட் கன் இருந்தால் நல்லது, இல்லையென்றால் சின்ன கேஸ் டார்ச். ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரு துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று பறக்கும் அளவு போதும். அலுமினியம் உருகுவதற்கு முன்னால் இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது, திடீரென்று இளகி விழுந்துவிடும். நம் ஊர்க் குளிரில் காலை ஏழு மணிக்கு இதை ஆரம்பித்தால் சூடு நிற்கவே நிற்காது, வெயில் ஏறட்டும், காற்றுப் படாத இடமாகப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சின்ன மோட்டார்களில் பெட்ரோல் டேங்க் தலையிலேயே இருக்கும். டேங்க்கைக் கழற்றி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதையும் வடித்து, அடித்த ஸ்ப்ரேயைத் துணியால் துடைத்த பிறகுதான் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். அதுவும் வீட்டுக்குள் வேண்டாம்.

சூடு ஏறியதும் ஆறு பக்கம் உள்ள பாக்ஸ் ஸ்பேனரை முழுசாக உள்ளே இறக்கி, முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அளவு அழுத்துங்கள், பிறகு கழற்றுகிற பக்கம். சிறிது நகர்ந்தால் திரும்ப இறுக்கி, ஸ்ப்ரே அடித்து, மறுபடி கழற்றுங்கள். (சூடாக இருக்கும்போது அடிக்காதீர்கள், ஆறட்டும்.) மழுங்கிய தலைக்கு இம்பாக்ட் டிரைவர் நல்ல கருவி, சுத்தியலால் அடித்தால் அடியும் திருப்பமும் சேர்ந்து விழும். பைக் பட்டறைகளில் பெரும்பாலும் வைத்திருப்பார்கள், கொஞ்ச நேரம் கேட்டு வாங்கலாம். ஒரே நாளில் வராவிட்டால் விடுங்கள், நான்கு நாள் சூடாக்கி ஆறவிட்டதில் ஐந்தாம் நாள் கழன்றது எனக்கு நடந்திருக்கிறது.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் கீழ்ப்பாகம் இறங்காமல் நிற்கலாம். கியர் மாற்றும் கம்பி இணைப்பைக் கழற்றினீர்களா என்று முதலில் பாருங்கள், நிறையப் பேர் அதை மறந்துவிட்டு இழுத்து வளைத்துவிடுகிறார்கள். அது சரியாக இருந்தால், டிரைவ் ஷாஃப்டின் (இன்ஜினின் சுழற்சியைக் கீழே கொண்டுபோகும் தண்டு) மேல் முனை பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள், இரண்டு பாகமும் சேரும் முகம் கீறினால் அப்புறம் சரியாகப் பொருந்தாது. இரண்டு பக்கமும் மர ஆப்பு வைத்து மாறி மாறித் தட்டுங்கள்.

முறிந்தேவிட்டால் வீட்டில் துளை போட வேண்டாம். நல்ல லேத் பட்டறையில் கொடுத்தால் நடுவில் துளைத்து எடுத்து, மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டுத் தருவார்கள். திரும்ப மாட்டும்போது எல்லா மரைக்கும் மெரைன் கிரீஸ் தடவுங்கள்.

விற்றவர் விஷயத்துக்கு வருவோம். அவர் கடை வைத்து வியாபாரம் செய்பவர், எழுத்தில் ஒன்றைச் சொல்லி விற்றிருக்கிறார், அது பொய்யென்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் நீங்கள் கேட்கலாம். இதே பொருளைப் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதை விற்றிருந்தால் இந்தச் சட்டம் உதவாது. மெக்கானிக் கை வைப்பதற்கு முன்பே படங்களோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள், ஏனென்றால் பைப் மாட்டி முறித்த பிறகு பேசினால் 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்பார். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அல்லது கழற்றும் செலவும் உதிரிப் பாகமும் அவர் தலையில் என்று எழுதி வாங்குங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் இழுவைக் குறைவை அந்தப் புகாரில் சேர்க்காதீர்கள். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும், அதாவது உங்கள் மோட்டார் ஆறில் ஒரு பங்கை இங்கே ஏறும்போதே இழந்துவிட்டது. காற்று மெலிந்திருப்பதால் பெட்ரோல் அதிகமாகி பிளக் கரி பிடிக்கும். கார்புரேட்டரில் ஒரு அளவு சின்ன ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) போட்டால் பிளக் சுத்தமாக இருக்கும், இழுவையும் கொஞ்சம் தேறும். அது மலையின் குணம், அதற்கு விற்றவர் மேல் பழி போடுவது நியாயமில்லை.