வீட்டில் நாலு சின்னம், எனக்கு ஒன்றும் இல்லை

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா வீட்டுச் சின்னம் (தமிழரசுக் கட்சி), தம்பி சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்), சித்தப்பா சங்கு (ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி), என் கணவர் திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி). தேர்தல் வந்தால் விறாந்தையில் சண்டைதான். போன முறை அப்பாவும் தம்பியும் இரண்டு மாதம் கதைக்கவில்லை. எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. அதைச் சொன்னால் "கொள்கை இல்லாதவள்" என்கிறார்கள். கட்சி சாராதவள் என்றால் சுயேச்சைக் குழுவுக்குத்தான் போட வேண்டுமா? என் வாக்கு வீணாகிறதா? போகாமலே விட்டால் என்ன? கடைக்கு வந்து "யாருக்குப் போட்டனி?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? கணவரின் பெயர் இன்னும் கிளிநொச்சி வாக்காளர் இடாப்பில்தான் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமா?

பதில்: தங்கச்சி, நான் ஆசிரியராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்திலும் எண்ணும் நிலையத்திலும் கடமை செய்தவன். உங்கள் கேள்வி பலருக்கு இருக்கிறது. வாய் திறந்து கேட்பவர்கள்தான் குறைவு.

முதலில் "கொள்கை இல்லாதவள்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் திசைகாட்டிக்குக் கிடைத்தவை சுமார் 27 ஆயிரம் வாக்குகள். அதே ஆண்டு நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் 80 ஆயிரத்துக்கு மேல். செப்டம்பரில் சஜித் பிரேமதாசவுக்கு 1 இலட்சத்து 21 ஆயிரம் வாக்குகள் போட்ட இதே மாவட்டம், எட்டு வாரம் கழித்து அவருடைய கட்சிக்கு ஓர் ஆசனம்கூடக் கொடுக்கவில்லை. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வீடு மறுபடி பல சபைகளில் முன்னுக்கு வந்தது. இத்தனை ஆயிரம் பேர் எட்டு வாரத்தில் கொள்கையைத் தொலைத்துவிட்டு ஆறு மாதத்தில் கண்டெடுத்தார்களா? தேர்தலுக்குத் தேர்தல் யோசித்துப் போட்டார்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போன்றவர்களாக இருக்கலாம். சத்தம் போடுகிறவர்கள் கட்சிக்காரர்கள் என்பதால் எல்லோருமே கட்சிக்காரர்கள் போலத் தெரிகிறது.

சட்டத்திலும் உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. வாக்காளர் இடாப்பில் பெயரும் முகவரியும் இருக்கும், கட்சி இருக்காது. கட்சி சாராத வாக்காளர் வேறு, சுயேச்சைக் குழு வேறு. சுயேச்சைக் குழுவும் ஒரு வேட்பாளர் பட்டியல்தான். அதற்கும் சின்னம் உண்டு, தலைமை உண்டு, உள்ளுக்குள் பிணக்கும் உண்டு. நல்ல குழுவென்று பட்டால் போடுங்கள். "சுயேச்சை" என்ற பெயருக்காக மட்டும் போட வேண்டியதில்லை.

இனி வாக்கு வீணாகிறதா என்ற கேள்வி. இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். இது விளங்கினால் கட்சிச் சண்டையின் வேரும் விளங்கும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பாராளுமன்றத் தேர்தலுக்கு யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம். 2010இல் நமக்கு 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. பதிவான வாக்காளர் தொகையை வைத்துத்தான் ஆசனம் பிரிக்கிறார்கள். போரும் புலம்பெயர்வும் இடாப்பைச் சுருக்கின, ஆசனமும் சுருங்கியது. கட்சிகள் மட்டும் பெருகின. 1944இல் தொடங்கிய தமிழ்க் காங்கிரஸிலிருந்து 1949இல் தமிழரசுக் கட்சி பிரிந்தது. 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணியாக ஒன்றானார்கள், 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வந்தது. இன்று அந்தக் கூட்டமைப்பும் பழைய வடிவில் இல்லை. ஆறு கதிரைக்கு இத்தனை பேர் அடிபடுகிறார்கள்.

2024இல் நடந்ததைப் பாருங்கள். மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் கீழே வாங்கிய பட்டியல்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும். (முன்பு இந்த வெட்டுப்புள்ளி 12.5 வீதம். 1988இல் திருத்தினார்கள்.) அதிக வாக்கு வாங்கிய பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம். அது திசைகாட்டிக்குப் போனது. மிச்சம் 5. வெட்டுப்புள்ளி தாண்டியவர்களின் மொத்த வாக்கை ஐந்தால் பிரித்தால் ஒரு ஆசனத்துக்குச் சுமார் 48 ஆயிரம் வருகிறது. முழு 48 ஆயிரம் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்தான்: 80 ஆயிரத்துச் சொச்சம் வாங்கிய திசைகாட்டி, 63 ஆயிரத்துச் சொச்சம் வாங்கிய வீடு. ஆளுக்கு ஒன்று. மீதி மூன்று ஆசனங்களும் யாரிடம் அதிக மிச்ச வாக்கு இருக்கிறதோ அவர்களுக்கு. திசைகாட்டியிடம் மிச்சம் 32 ஆயிரத்துக்கு மேல், சைக்கிளிடம் ஏறக்குறைய 28 ஆயிரம், 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவிடமும் ஏறக்குறைய 28 ஆயிரம். மூவருக்கும் கிடைத்தது. 22 ஆயிரத்துக்கு மேல் வாங்கிய சங்குக்கு ஒன்றுமில்லை. வீட்டிடம் மிச்சம் 15 ஆயிரம்தான், அதற்கு இரண்டாவது ஆசனம் வரவில்லை. கால்வாசி வாக்கு வாங்கிய திசைகாட்டிக்கு அரைவாசி ஆசனம்.

இதில் யார் சரி, யார் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் அப்பா "பிரிஞ்சு போட்டதாலதான் திசைகாட்டி வந்தது" என்று சொல்லியிருப்பார். கணக்குப்படி அதில் உண்மை இருக்கிறது. உங்கள் தம்பி "28 ஆயிரத்துக்கும் ஒரு ஆசனம், 63 ஆயிரத்துக்கும் ஒரு ஆசனம், நாங்கள் ஏன் சேர வேண்டும்?" என்று கேட்டிருப்பான். அதிலும் உண்மை இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கணக்கின் இரண்டு நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். அடுத்த முறை சண்டை தொடங்கினால் ஒரு தாளும் பேனாவும் கொண்டுபோய் நடுவில் வையுங்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கிற நேரத்தில் குரல் தணிவதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

உங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? கடைசி இரண்டு ஆசனங்களும் சில ஆயிரம் வாக்குகளில் கைமாறக் கூடியவை. கட்சிக்காரர்கள் எப்படியும் தங்கள் சின்னத்துக்கே போடுவார்கள். அந்தக் கடைசி ஆசனங்களைத் தீர்மானிப்பவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். அதே நேரம், 5 வீதத்தைத் தொட வாய்ப்பே இல்லாத பட்டியலுக்குப் போட்டால் அந்த வாக்கு ஆசனக் கணக்குக்கு வராது. மனச்சாட்சிக்காகப் போடுவதும் ஒரு நியாயமே. விளைவு தெரிந்து போடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது விருப்பு வாக்கு, அதாவது பட்டியலில் நிற்கும் ஆட்களுக்குப் போடும் வாக்கு. நம் சனம் பெரிதாகப் பயன்படுத்தாத பலம் இதில்தான் இருக்கிறது. ஒரு பட்டியலில் 9 பேர் நிற்பார்கள், ஆசன எண்ணிக்கையோடு மூன்று கூட. அந்தப் பட்டியலுக்கு ஒரு ஆசனம் கிடைத்தால் ஒன்பது பேரில் யார் போவது என்பதை விருப்பு வாக்கு மட்டுமே தீர்மானிக்கும். பெயர் முதலில் இருக்கிறதா கடைசியில் இருக்கிறதா என்பது பொருட்டில்லை. ஒரே மேடையில் நின்று ஒருவரையொருவர் கடிப்பதற்கும், ஒரே சின்னத்துக்கு இரண்டு கோஷ்டியாக நோட்டீஸ் ஒட்டுவதற்கும் காரணம் இதுதான். சின்னத்தில் உங்களுக்குப் பற்று இல்லாதிருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது பேரில் நேர்மையாக வேலை செய்யக் கூடியவர் என்று ஒருவரையாவது நீங்கள் அறிந்திருக்கலாம். கட்சிக்காரர் சின்னத்தைப் பார்த்து ஆளுக்கு வருவார். நீங்கள் ஆளைப் பார்த்துச் சின்னத்துக்கு வாருங்கள்.

ஆனால் சரியாகப் போட வேண்டும். முதலில் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி (X). பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்குகள் எடுபடாது, கட்சி வாக்கு மட்டும் நிற்கும். சின்னத்துக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டே நிராகரிக்கப்படும். எண்ணும் மேசையில் அப்படியான சீட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். மூன்று இலக்கங்களிலும் அழகாக, அளவாகப் புள்ளடி. மேலே வெறுமை. அந்த மனிதர் எவ்வளவு யோசித்து வந்திருப்பார்! 2024இல் நமது மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்டவை 32 ஆயிரத்துக்கு மேல். கடைசி ஆசனத்தை வென்ற பட்டியலின் மொத்த வாக்கைவிட அது அதிகம்.

மூன்று தேர்தல்களுக்கும் மூன்று விதம் என்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம் எழுதலாம். எவருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காமல், நீங்கள் முதலாவதாகத் தெரிந்தவரும் முதல் இருவருக்குள் வராவிட்டால், இரண்டாம் கணக்கெடுப்பில் உங்கள் அடுத்த தெரிவு எண்ணப்படும். 2024இல்தான் முதன்முறையாக அது நடந்தது. பிரதேச சபைக்கு ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது.

பிரதேச சபையை வேறாக யோசியுங்கள். உங்கள் ஒழுங்கை லைட், குப்பை, சந்தை, வாய்க்கால் எல்லாம் அதன் பொறுப்பு. அரசியலமைப்பு போன்றவை பாராளுமன்ற விடயம். மாகாண சபைக்கு 2013இல் வாக்களித்தோம், 2018இல் காலம் முடிந்தது, இன்னும் தேர்தல் இல்லை. இனப்பிரச்சினைத் தீர்வுக்கு ஒரு கட்சியையும், சந்தைக் கட்டடத்துக்கு வட்டாரத்தில் நிற்கும் வேறு கட்சிக்காரரையும் தெரிவதில் முரண்பாடு எதுவும் இல்லை. 2025இல் யாழ். மாநகர சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. விறாந்தையில் முறைத்துக்கொண்ட கட்சிகள் சபையில் ஒன்றையொன்று எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பிக்கு இதைச் சொல்லுங்கள்.

போகாமல் விடுவது பற்றி. உங்கள் சலிப்பு எனக்கு விளங்குகிறது. எங்களுடைய சீட்டில் "எவருக்கும் இல்லை" என்று ஒரு கட்டம் கிடையாது. யாழ்ப்பாணம் வாக்களிக்காமல் விடுவதையும் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயாட்சி கேட்டு அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. 2005 ஜனாதிபதித் தேர்தலில் இந்த மாவட்டத்தில் 7 இலட்சம் பேருக்கு மேல் பதிவு, வாக்களித்தவர்கள் 9 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அந்தப் புறக்கணிப்பில் அச்சத்துக்கும் பங்கு இருந்தது. நாடு முழுவதும் வெற்றி வித்தியாசம் 1 இலட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை நாங்கள் எல்லோரும் வாழ்ந்து கடந்தோம். அதனால் உங்களைப் போகாதே என்று என்னால் சொல்ல முடியாது.

கடையில் கேட்பவர்களுக்கு "அது இரகசியம் அண்ணை, கை எவ்வளவு நீளம் வேணும்?" என்று அளவு நாடாவை எடுங்கள். பொய்யாக ஒரு சின்னத்தைச் சொல்ல வேண்டாம், பிறகு அதைக் காப்பாற்ற வேண்டி வரும். நீங்கள் வாக்களிக்க வந்தீர்களா என்பதைக் கட்சி முகவர்கள் குறித்துக்கொள்ளலாம். யாருக்குப் போட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. சீட்டைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதற்குத் தடை இருக்கிறது. மிரட்டுவதும், சாமான் கொடுத்து வாக்குக் கேட்பதும் 1981ஆம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படி குற்றம். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் முறையிடலாம். பவ்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளிடமும் சொல்லலாம்.

கணவரின் பதிவை மாற்றத்தான் வேண்டும். பாராளுமன்றத்துக்கு வித்தியாசம் இல்லை, ஒரே தேர்தல் மாவட்டம், ஒரே சீட்டு. ஆனால் உங்கள் ஒழுங்கை லைட்டைப் பற்றி விறாந்தையில் அவ்வளவு கதைக்கிறவருக்கு உங்கள் வட்டாரத்தில் வாக்கே இல்லை. வருடாந்த இடாப்புத் திருத்தத்துக்கு விதானையார் (கிராம அலுவலர்) படிவம் கொண்டுவரும்போது அவருடைய பெயரை உங்கள் முகவரியில் சேர்த்து, பழைய பதிவு கிளிநொச்சியில் இருப்பதையும் சொல்லுங்கள். வராவிட்டால் நீங்களே அவருடைய அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.