கீழக்கரை வீட்டுக்கு ஸ்மார்ட் எனர்ஜி மீட்டர் தேவையா?

இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் ஓடுகிறது, மெயின் போர்டில் மாட்டி மொபைலில் பார்க்கும் மீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்குக்கு வாங்கலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம்.

காரணம், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற வரம்பு. அதைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த மலிவு விலை போய்விடும். தாண்டிய 20 யூனிட்டோடு பில் நிற்காது. 40ஆம் நாளே எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்தால் சுதாரித்துக்கொள்ளலாம். 250 யூனிட் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

முதலில் செலவில்லாத சோதனை ஒன்று. ஈபி மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கும். அதில் 3200 என்று போட்டிருந்தால், 3200 மினுக்கலுக்கு ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். 10 விநாடிக்கு ஒருமுறை மினுக்கினால், சும்மாவே 112 வாட் போகிறது!

பழைய சீலிங் ஃபேன் 75 வாட். நாள் முழுக்க ஓடினால் 60 நாளில் 108 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 43தான். நம் புழுக்கத்துக்கு ஃபேன் எப்போது நிற்கிறது? அந்த ஒரு ஃபேனை மாற்றினாலே 500க்குள் வந்துவிடுவீர்கள்.

ஏசியையும் பாருங்கள். நம் கடலோர உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் தகடுகள் அரித்துப்போனால் கரண்டை அதிகம் இழுக்கும்.

அப்புறமும் வாங்குவதென்றால், எலக்ட்ரீசியனை வைத்து, கடல்காற்று நேரே படாத உள்சுவரில் மாட்டுங்கள்.